நடந்தால் கனக்கிறது, குனிந்தால் குறைகிறது
வாசகர் கேள்வி – பதில்

நாரி நோ பற்றி முன்னைய இதழொன்றில் எழுதிய பதிலுக்குப் பின்னர் வந்த கடிதங்களில் ஏறத்தாழப் பாதி ஒரே நோயைப் பற்றியவையாக இருந்தன. முள்ளந்தண்டுக் கால்வாய் ஒடுக்கம் என்ற பெயரைப் பலர் ஸ்கான் அறிக்கையில்தான் முதன்முதலாகக் கண்டிருக்கிறார்கள். கண்ட நாளிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவே பயப்படுகிறார்கள். ஆகையால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் தருகிறேன்.

கேள்வி: எனக்கு 63 வயது. இரண்டு ஏக்கர் வயல் செய்கிறேன். ஒன்றரை வருடமாக, வீட்டிலிருந்து சந்திக் கடைக்கு நடந்து போனால் பாதி வழியில் கால்கள் இரண்டும் ஈரச் சாக்கைக் கட்டிவிட்டதுபோலக் கனத்து விறைக்கின்றன. மதகுக் கட்டில் ஐந்து நிமிடம் இருந்தால் ஒன்றுமே நடவாததுபோல எழுந்து போகலாம். ஆனால் குளம் வரையில் சைக்கிளில் போய் வந்தாலும் ஒரு நோவும் இல்லை. “சைக்கிள் ஓடுகிற காலுக்கு நடக்கத் தெரியாதோ” என்று வீட்டிலேயே கேலி செய்கிறார்கள். கால்வாய் ஒடுங்கியிருப்பதாக ஸ்கானில் எழுதியிருக்கிறது. சத்திரசிகிச்சை இல்லாமல் இது மாறுமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: ஐயா, கேலி செய்பவர்களுக்கு முதலில் இதை வாசித்துக் காட்டுங்கள். சிறிது தூரம் நடக்க முடியாத ஒருவரால் நெடுந்தூரம் சைக்கிள் ஓட முடிவது, இந்த நோயை வேறு நோய்களிலிருந்து பிரித்தறிய வைத்தியர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அடையாளங்களில் ஒன்று.

முள்ளந்தண்டென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கையில், அவற்றின் பின்புறத்து வளையங்கள் சேர்ந்து மேலிருந்து கீழ்வரை ஒரு கால்வாயாக அமைகின்றன. அதனூடாக மூளையிலிருந்து இறங்கும் நரம்புத் தண்டான முண்ணாண், நாரியின் முதலாவது அல்லது இரண்டாவது என்பின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலவாசலுக்கும் செல்லும் நரம்புகள் குதிரைவால் மயிர்போலக் கற்றையாகத் தொங்குகின்றன. வயது ஏற ஏற என்புகளுக்கு நடுவிலுள்ள இடைத்தட்டு தட்டையாகிப் பின்னால் பிதுங்குகிறது, இருபக்கத்துச் சிறுமூட்டுகள் தேய்ந்து தடிக்கின்றன, கால்வாயின் பின்சுவரில் படர்ந்து என்புகளைப் பிணைக்கும் மஞ்சள் நிற இணையமும் பருத்து உள்நோக்கி மடிகிறது. மூன்று பக்கமும் வரம்பு சரிந்த வாய்க்காலைப்போல, நரம்புக் கற்றைக்கான இடம் குறைந்துகொண்டே போகிறது. நாரியின் நான்காம், ஐந்தாம் என்புகளுக்கு இடையில்தான் இது மிகுதியாக ஏற்படுகிறது.

நாம் நிமிர்ந்து நிற்கும்போது அந்த இணையம் இன்னும் அதிகமாக மடிந்து, ஏற்கெனவே ஒடுங்கிய இடத்தை மேலும் ஒடுக்குகிறது. நடக்கையில் வேலை செய்யும் நரம்புகளுக்கு வேண்டிய இரத்தம் அந்த நெருக்கத்தில் போதிய அளவு கிடைப்பதில்லை. ஆகவே கனதியும் விறைப்பும் தோன்றுகின்றன. குனிந்தவுடன் இணையம் இழுபட்டு மெலிகிறது, கால்வாய் சற்று அகலுகிறது. மதகுக் கட்டில் நீங்கள் இருப்பதும், சைக்கிள் கைபிடியில் கைகளை ஊன்றி முன்சாய்வதும் நாரிக்கு ஒரே காரியந்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தால் வெறுங்கையுடன் நடப்பதைவிடக் கூடிய தூரம் போகலாம் என்பதையும் நீங்கள் கவனித்திருக்கக்கூடும். நெதர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1954இல் இந்நோயைத் தெளிவாக விவரித்த காலத்திலிருந்து, நின்றாலும் நடந்தாலும் வருவது, இருந்தால் போவது என்ற இந்தக் கதையே நோயை அறிவதற்கு முதல் வழியாக இருந்துவருகிறது.

ஒரு விடயத்தை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நெடுங்காலம் சுருட்டோ பீடியோ புகைத்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் காலின் இரத்தக் குழாய் அடைபட்டு ஏறத்தாழ இதே மாதிரியான நோ வரும். ஆனால் அவர்கள் குந்தவோ குனியவோ தேவையில்லை, நடையை நிறுத்திச் சும்மா நின்றாலே நோ தணிந்துவிடும். சைக்கிள் ஓடினாலும் கெண்டைக்கால் நோகும். பாதத்தில் நாடித்துடிப்பு மெலிந்திருக்கும். அடுத்த கிளினிக்கில் கால் நாடியைத் தொட்டுப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு நிமிட வேலை.

இனி உங்களுடைய கேள்விக்கு வருகிறேன். தடித்த என்பும் இணையமும் பயிற்சியாலோ மருந்தாலோ எண்ணெயாலோ பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அப்படித் திரும்பும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் உங்களைத் தொல்லைப்படுத்துவது கால்வாயின் அகலம் மாத்திரமல்ல, அந்த அகலத்துக்குள் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள், எவ்வளவு பலத்துடன் நடக்கிறீர்கள் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. இவை இரண்டும் மாறக்கூடியவை. அறுபது வயதைக் கடந்த, எந்தத் தொல்லையும் இல்லாதவர்களை அமெரிக்காவில் ஸ்கான் செய்து 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அவர்களில் 21 வீதமானோருக்குக் கால்வாய் ஒடுங்கியிருந்தது. கால்வாய் ஒடுங்கிய பின்னரும் நோவின்றி நடமாடுபவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். சுவீடனில் சத்திரசிகிச்சை செய்யாத 32 நோயாளிகளைச் சராசரியாக நான்கு வருடம் அவதானித்து 1992இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 70 வீதமானோர் அதே நிலையில் இருந்தனர், 15 வீதமானோர் தேறினர், 15 வீதமானோர் மோசமடைந்தனர். சிறிய ஆய்வுதான். எனினும் ‘இன்று வெட்டாவிட்டால் நாளை படுக்கைதான்’ என்று ஊரில் பேசப்படுவதற்கு அதில் ஆதாரமில்லை.

ஆகையால் ஸ்கான் படத்தைப் பையில் வைத்துவிட்டு ஒரு பழைய கொப்பியை எடுங்கள். வீட்டு வாசலிலிருந்து சந்திக்குப் போகும் வழியில் மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு நடங்கள். கனதி தொடங்கும் கம்பத்தின் இலக்கத்தை மனதில் வைத்து, அங்கேயே மதகிலோ மரக்குற்றியிலோ இருந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்சாயுங்கள். விறைப்பு முற்றாக விலகிய பின்னர் எழுந்து மீண்டும் நடங்கள். இப்படி ஒரு வேளைக்கு மூன்று, நான்கு தடவை போதும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கம்பம் வரை போவதால் எந்தப் பயனும் இல்லை; கனதி தொடங்கும்போதே இருந்துவிடுபவரே அன்றைய நாளில் மொத்தத்தில் கூடுதலாக நடக்கிறார். மாலையில் திகதியையும் கம்ப இலக்கத்தையும் எழுதுங்கள். ஆறு வாரத்துக்குப் பின் அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டு போனால், வைத்தியருக்கு அது இரண்டாவது ஸ்கானைவிடக் கூடுதலாகச் சொல்லும். சைக்கிளையும் விட்டுவிடாதீர்கள். நோவில்லாமல் கால்களுக்கும் இதயத்துக்கும் வேலை கொடுக்கும் வழி உங்களுக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது.

கேள்வி: 58 வயது, கச்சான் தோட்டமும் வீட்டு வேலையும். வைத்தியசாலையில் இயன்மருத்துவர் நான்கைந்து பயிற்சிகளைக் காட்டினார். ஒரு கிழமை செய்தேன், ஒரு மாற்றமும் இல்லை, விட்டுவிட்டேன். அடுப்படியில் நிற்கத்தான் ஆகக் கஷ்டம். (புதுக்குடியிருப்பு)

பதில்: அம்மா, ஒரு கிழமையில் கச்சானே முளை மட்டுந்தான் காட்டும். கனடாவின் ரொறன்ரோவில் சராசரியாக 70 வயதுடைய 104 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாரார் ஆறு வாரத்தில் பன்னிரண்டு தடவை நேரில் வந்து பயிற்சி பெற்றார்கள். மறு சாராருக்கு ஒரேயொரு தடவை விளக்கிக் காட்டி, மிகுதியை வீட்டில் செய்யச் சொன்னார்கள். ஆறு மாதத்தின் பின், நடக்கும் தூரம் குறைந்தது 30 வீதம் கூடியவர்கள் முதற் சாராரில் 82 வீதமாகவும் மறு சாராரில் 63 வீதமாகவும் இருந்தார்கள். நேரில் போய்ப் பழகுவது மேல் என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது எண். பேருந்துக்குக் காத்திருந்து நகரத்து வைத்தியசாலைக்குக் கிழமைக்கு இருமுறை போக முடியாத ஒருவருக்கு, வீட்டுப் பாயில் விடாமல் செய்வதும் கைகொடுக்கும்.

பயிற்சிகளில் முதன்மையானது இது. பாயில் மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் மடியுங்கள். பாதங்கள் நிலத்தில் இருக்கட்டும். இப்போது நாரிக்கும் பாய்க்கும் இடையில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தால் அது உள்ளே போகும். தொப்புளை உள்ளிழுத்து, நாரியால் அந்தக் கையை நசிப்பதுபோல அழுத்துங்கள். மூச்சை அடக்காமல் ஐந்து எண்ணும்வரை பிடித்திருந்து விடுங்கள். பத்துத் தடவை. அதன்பின் வலது முழங்காலைக் கைகளால் அணைத்து மார்பை நோக்கி இழுங்கள், பிறகு இடது, பிறகு இரண்டையும் சேர்த்து. இருபது எண்ணும்வரை பிடித்திருக்கலாம். இறக்கும்போது ஒவ்வொரு காலாக இறக்க வேண்டும், இரண்டையும் ஒரேயடியாகப் போட்டால் நாரி வளைந்து பிடித்துக்கொள்ளும். எழும்பும்போது நேரே எழாமல், பக்கமாகப் புரண்டு கையூன்றி எழுங்கள். காலையிலும் மாலையிலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இதற்குத் தேவைப்படாது. தொடைகளுக்கும் பிட்டத்துக்கும் பலம் சேர்க்க, கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து இருக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னோக்கி வளையும் பயிற்சிகள் உங்களுக்கு ஆகாதவை. இடைத்தட்டு விலகியவர்களுக்குக் குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தும் பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பதுண்டு. அயல்வீட்டுக்காரருக்கு அது சுகம் தந்தது என்பதற்காக நீங்கள் அதைச் செய்தால் கால் விறைப்புக் கூடும்.

அடுப்படியில் அசையாமல் நிமிர்ந்து நிற்பதுதான் பிரச்சினை. ஒரு செங்கல்லையோ தாழ்ந்த பலகையையோ போட்டு ஒரு காலை அதில் வையுங்கள், சில நிமிடத்துக்கு ஒருமுறை காலை மாற்றுங்கள். ஒரு காலை உயர்த்தியவுடன் நாரியின் உள்வளைவு குறைவதை நீங்களே உணர்வீர்கள். தேங்காய் துருவுவது, மரக்கறி வெட்டுவது, அரிசி கிளைவது எல்லாவற்றையும் இருந்துகொண்டே செய்யலாம். உடுப்புக் காயப்போடும் கொடியை நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டச் சொல்லுங்கள்; கைகளை மேலே தூக்கி அண்ணாந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் கால்வாய் ஒடுங்குகிறது. இரவில் பக்கமாகப் படுத்து முழங்கால்களை மடித்து, இடையில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்ட வேலையில் ஒரு பொறி இருக்கிறது. கச்சான் பிடுங்கும்போதும் களை எடுக்கும்போதும் குனிந்திருப்பதால் கால்களுக்குச் சுகமாக இருக்கும், அதனால் மணிக்கணக்காக அப்படியே இருந்துவிடத் தோன்றும். கால் சுகமாக இருந்தாலும் நாரித் தசைகள் களைத்துப் போகின்றன. பிறகு நிமிரவே முடிவதில்லை. சிறு முக்காலியில் இருந்து செய்யுங்கள், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடங்கள். 50 கிலோ உரப்பையைத் தூக்குவதும், மருந்தடிக்கும் தாங்கியை நிரப்பி முதுகில் போடுவதும் இனி வேறொருவருடைய வேலையாக இருக்கட்டும்.

கேள்வி: வெளிநாட்டிலிருக்கும் மகன் இடுப்புப் பெல்ட் ஒன்று அனுப்பியிருக்கிறார். இரவும் பகலும் கட்டலாமா? (மாங்குளம்)

பதில்: நடக்கப் போகும்போதும் பேருந்தில் நெடுந்தூரம் போகும்போதும் கட்டுங்கள்; சிலருக்கு அது நடக்கும் தூரத்தைச் சிறிது கூட்டுகிறது. வீட்டில் இருக்கும்போதும் படுக்கையிலும் கழற்றிவிடுங்கள். நாள் முழுவதும் பெல்ட் தாங்கினால் வயிற்றுத் தசையும் நாரித் தசையும் தம் வேலையை மறந்துவிடும். மகனிடம் அடுத்த முறை ஒரு கைத்தடியை அனுப்பச் சொல்லலாம். உயரம் மணிக்கட்டு மட்டத்துக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: பாமசியில் டைக்ளோபெனாக் குளிசை வாங்கி எட்டு மாதமாகப் போடுகிறேன், அது இருந்தால்தான் வயலுக்குப் போகலாம். பிரஷருக்கு லொசாட்டன் போடுகிறேன். சென்ற முறை இரத்தப் பரிசோதனையில் கிரியாற்றினின் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். (செட்டிகுளம்)

பதில்: கிரியாற்றினின் கூடியிருப்பது சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். டைக்ளோபெனாக்கை இன்றே நிறுத்துங்கள், அதைப் போட்டுவந்த விடயத்தையும் எட்டு மாதக் கணக்கையும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் எழுதப்படாத மருந்து வைத்தியருக்குத் தெரியாத மருந்து. லொசாட்டனை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், மெபனமிக் அசிட் ஆகிய வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை. சில நாட்களுக்குப் போட்டு நிறுத்தும் ஆரோக்கியமான இளைஞருக்கு அது பெரிதாகப் படாமல் போகலாம். ஆனால் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைந்த உடம்பில், அறுபதைத் தாண்டிய வயதில், பிரஷர் மருந்தோடு சேரும்போது அதே குளிசை சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. வடமத்திய மாகாணத்திலும் அதையொட்டிய வவுனியா மாவட்டத்திலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களிலிருந்து விவசாயிகளை வாட்டிவருகிறது என்பதை உங்கள் ஊரவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மண்ணில், நாரி நோவுக்கு மாதக்கணக்காக இந்தக் குளிசையைக் கேட்டதும் கொடுக்கும் பழக்கம் எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். பரசிற்றமோல் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது. 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகவே கூடாது, மெலிந்தவர்களும் மது அருந்துபவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் அதிலும் குறைவாகவே எடுக்க வேண்டும். ஆனால் இந்நோயில் அதன் பயன் சிறிதுதான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நரம்பு நோவுக்கென்று தரப்படும் பிரகபலின், கபபென்ரின் ஆகியவையும் நடக்கும் தூரத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. தலைச்சுற்றும் தள்ளாட்டமும் தந்து விழுத்தக்கூடியவை, சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அளவு குறைக்கப்பட வேண்டியவை. மருந்தில் நான் இவ்வளவு சிக்கனமாக இருப்பதற்கு, மருந்தால் இந்த நோயில் சாதிக்கக்கூடியது மிகக் குறைவு என்பதே காரணம். சூட்டு ஒத்தணம் தசைப்பிடிப்பைத் தளர்த்தும். பரியாரியார் தரும் எண்ணெயை மெதுவாகப் பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆளைக் குப்புறப் போட்டு நாரியில் முழங்காலை ஊன்றி நெட்டி முறிப்பதில் இருக்கிறது.

கேள்வி: என் தம்பிக்கு முள்ளந்தண்டில் ஊசி போட்டு நோ குறைந்தது. எனக்கு நீரிழிவும் உண்டு. நானும் போடலாமா? (கிளிநொச்சி)

பதில்: தம்பிக்கு இருந்தது இதே நோய்தானா என்று முதலில் கேளுங்கள். இடைத்தட்டு பிதுங்கி ஒரு காலில் இறங்கும் நோவுக்கு அந்த ஊசி சில வாரங்களுக்குத் தணிவு தருவதுண்டு. கால்வாய் ஒடுக்கத்தில் கதை வேறு. அமெரிக்காவில் 400 நோயாளிகளுக்குப் பாதிப் பேருக்கு அழற்சியைத் தணிக்கும் ஸ்ரெரோயிட் கலந்த, விறைக்கச் செய்யும் மருந்தும் மறுபாதிக்கு விறைக்கச் செய்யும் மருந்து மட்டும் ஊசியாகப் போட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாவது வாரத்தில் இரு சாராருக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. உங்களுக்கு ஸ்ரெரோயிட் சில நாட்களுக்குச் சீனியையும் ஏற்றிவிடும். இதற்காகக் காணியை அடகு வைக்காதீர்கள். அத்துடன், இரவில் பாதங்கள் எரிவதும் சப்பாத்து அணிந்ததுபோல விறைத்திருப்பதும் உங்களுக்கு உண்டென்றால் அது நீரிழிவு நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். நாரிக்குச் செய்யும் எந்த வைத்தியமும் அதைத் தீர்க்காது.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 2009இல் பட்ட ஷெல் துண்டுகள் இரண்டு இன்னும் உடம்பில் இருக்கின்றன. அதைச் சொன்னால் ஸ்கான் எடுக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னதால் சொல்லாமல் விட்டேன். (முல்லைத்தீவு)

பதில்: கட்டாயம் சொல்லுங்கள், வைத்தியரிடம் ஒரு தடவையும் ஸ்கான் எடுக்கும் இடத்தில் இன்னொரு தடவையும். அந்த இயந்திரம் மிகப் பெரிய காந்தம். இரும்புத் துண்டு கண்ணுக்கோ மூளைக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகில் இருந்தால், அது அசைந்தோ சூடேறியோ கேடு விளைவிக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு இருக்கும் இடத்தைப் பார்த்து, எடுக்கலாமா என்று கதிரியக்க வைத்தியர் தீர்மானிப்பார், ஆபத்தென்றால் சி.ரி. ஸ்கானைக் கொண்டு காரியம் பார்க்கலாம். வன்னியில் இந்த நிலையில் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வெளிமாவட்டத்து ஸ்கான் நிலையத்தில் கேட்கப்படும் படிவத்தில் ‘உலோகப் பொருள்’ என்ற வரியைப் பலர் நகை என்று நினைத்து ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். சத்திரசிகிச்சை பற்றி யோசிக்காத நிலையில், கதையும் பரிசோதனையும் தெளிவாக இருக்குமானால், எம்.ஆர்.ஐ. இல்லாமலே பயிற்சியைத் தொடங்கலாம் என்பதையும் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. இரண்டு வருடமாக இந்த நோய். நான்கு நாட்களாக ஒரு கால் இழுபடுகிறது, சிறுநீர் வருவது தெரியாமல் போகிறது. உறவினர்கள் உருவிவிடக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். (நெடுங்கேணி)

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றே தொலைபேசியில் பதில் சொல்லப்பட்டது. ஏனையோருக்காக அச்சிடுகிறேன். சிறுநீர் அடைபடுவது அல்லது அறியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் இருக்கையில் படும் இடம் முழுவதும் விறைத்துப் போவது, கால் புதிதாகப் பலமிழந்து இழுபடுவது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் இந்தப் பக்கங்களில் எழுதியிருக்கும் பயிற்சி, ஒத்தணம் எதுவும் பொருந்தாது. குதிரைவால் நரம்புக் கற்றை கடுமையாக நசிபடுகிறது என்பது அதன் அர்த்தமாக இருக்கலாம். விடியும்வரை பார்க்காமல் 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வண்டியில் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். அந்தச் சேவைக்குப் பணம் இல்லை. மணித்தியாலங்கள் கடக்கக் கடக்கச் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு திரும்பக் கிடைக்கும் வாய்ப்புக் குறைகிறது. கடும் காய்ச்சலோடு வரும் நாரி நோ, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு வரும் நாரி நோ, விழுந்த பின் வரும் நோ ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. கழுத்தில் கால்வாய் ஒடுங்கியவர்களின் நிலையும் வேறு. அங்கே நசிபடுவது முண்ணாண். சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் கை தடுமாறுவதும் நடை தள்ளாடுவதும் தொடங்கினால், பயிற்சி செய்து பார்ப்போம் என்று காலம் கடத்தக் கூடாது.

கேள்வி: ஐந்து மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தேன். இன்னும் கிணற்றடிக்குப் போய் வருவதே பாடு. சத்திரசிகிச்சைக்கு ஒத்துக்கொண்டால் தோற்றுப்போனதாக ஆகுமா? (மல்லாவி)

பதில்: ஆகாது. மூன்று முதல் ஆறு மாதம் முறையாகச் செய்தும் அன்றாட வாழ்வுக்குத் தேவையான தூரம் நடக்க முடியாவிட்டால், நிபுணரிடம் போய் அது பற்றிப் பேசுவதே சரி. சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்திருந்த 169 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குச் சத்திரசிகிச்சையும் மறு சாராருக்கு இயன்மருத்துவமும் கொடுத்து அமெரிக்காவில் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடத்தின் பின் இரு சாராரின் உடல் இயக்கமும் ஏறத்தாழச் சமமாக இருந்தது. பயிற்சியே போதும் என்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அடுத்த வரியில், இயன்மருத்துவச் சாராரில் 57 வீதமானோர் அந்த இரண்டு வருடத்துக்குள் சத்திரசிகிச்சைக்கு மாறிவிட்டார்கள் என்றும் இருக்கிறது. எஞ்சியவர்கள் வெட்டாமலே சமாளித்தார்கள். நீங்கள் எந்தச் சாராரில் அடங்குவீர்கள் என்பதை ஸ்கானை விட உங்கள் ஐந்து மாதமே கூடுதலாகச் சொல்லியிருக்கிறது. பயிற்சியால் பலம் பெற்ற கால்களோடு போவதால், சத்திரசிகிச்சைக்குப் பின் எழுந்து நடப்பதும் இலகுவாகும்.

கேள்வி: வருகிற வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளை அம்மனுக்கு நடந்து போவதாக நேர்த்தி. அரை மைல்கூட நிற்காமல் நடக்க முடியாது. மகள் விடமாட்டேன் என்கிறா. (தண்ணீரூற்று)

பதில்: நிற்காமல் நடப்பதாக நேர்ந்தீர்களா, அம்மா? இல்லையென்றால் போகலாம். இப்போதிருந்தே மின்கம்பக் கணக்கைத் தொடங்குங்கள். மடிக்கக்கூடிய சிறு கதிரையொன்றை மகள் கையில் கொடுத்து, கால் கனக்கத் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் அதில் இருந்து முன்சாய்ந்துவிட்டு எழுங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள், தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும், பாற்செம்பைத் தலையில் வைக்காமல் இடுப்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கோயில் வீதியில் பொங்கல் முடியும்வரை மணிக்கணக்காக நிற்பதுதான் நடப்பதைவிடக் கடினமாக இருக்கும். ஆகையால் கதிரையை வாசலில் விட்டுவிடாமல் உள்ளேயும் கொண்டு போங்கள்.